சாயங்காலம் டியூஷனா, களமா? மூணாவது படிக்கிற பையன், உங்க கருத்து வேணும்

கோரையாறு – ஜூன் 22, இரவு 9:48

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குக் கிழக்கே ஒரு கிராமம், உரக்கடை வெச்சிருக்கேன். பையனுக்கு எட்டு வயசு. டவுன்ல தனியார் பள்ளிக்கூடம், மூணாவது. காலைல ஏழேகாலுக்கு வேன். சாயங்காலம் நாலரைக்கு இறங்குவான். அஞ்சுக்கு டியூஷன் போனா ஏழரைக்கு வருவான். சாப்பாடு, அரை மணி நேரம் போன், தூக்கம்.

பள்ளிக்கூடம் திறந்து ரெண்டு வாரத்துல மிஸ் கூப்பிட்டு விட்டாங்க. உட்கார மாட்டேங்குறான், போர்டைப் பார்த்து எழுதறப்ப பாதியில விட்டுடறான், பென்சில் முனையை ஒடிச்சுக்கிட்டே இருக்கான்னு சொன்னாங்க. வாரத்துக்கு ரெண்டு பி.டி. பீரியட். அதுல ஒண்ணுல இவனையும் இன்னும் நாலு பேரையும் வகுப்புலயே உட்கார வெச்சு எழுத வைக்கிறாங்களாம்.

எங்க தெருக்கோடியில சிமெண்டுக் களம் ஒண்ணு இருக்கு. அறுவடை இல்லாத நாள்ல சும்மாதான் கிடக்கும். போன ஞாயித்துக்கிழமை பசங்க அங்க கரிக்கட்டையால கட்டம் போட்டு நொண்டி ஆடினாங்க. என் பையனால ஒத்தக் கால்ல மூணாவது கட்டம் தாண்ட முடியல. ரெண்டு தாவு தாவினதும் அடுத்த கால் கீழ வந்துடுது. எதிர்வீட்டு ஆறு வயசுப் பொண்ணு எட்டுக் கட்டமும் தாண்டி, குனிஞ்சு சில்லை எடுத்துக்கிட்டு, காலை ஊனாம திரும்பி வருது. அவன் சைக்கிள் நிக்கிற ஓரமா போய் நின்னுக்கிட்டான். கூப்பிட்டா, கால் வலிக்குதுன்னான். அன்னையிலேருந்து எனக்குச் சரியா தூக்கமில்ல.

ஓடி ஆடறதுக்கும் படிப்புக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கா? டியூஷன்ல ஒரு மணி நேரத்தைக் குறைச்சுக் களத்துக்கு அனுப்பினா பின்தங்கிடுவானா? சம்சாரத்துக்கு அந்தப் பயம் இருக்கு. எனக்கும்தான்.

குடமுருட்டி (ஓய்வுபெற்ற கணக்காசிரியர், திருவையாறு பக்கம்) – இரவு 10:31

தம்பி, 34 வருடம் கணக்கு நடத்தியவன் நான். ஒன்றை ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். போர்ஷன் முடியவில்லை என்று எத்தனையோ பி.டி. பீரியடைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். மைதானத்துக்குப் போக வரிசையில் நின்ற பிள்ளைகளைத் திருப்பி அழைத்து வந்து உட்கார வைத்திருக்கிறேன். அந்த நாற்பது நிமிடத்தில் நடத்திய கணக்கை மறுநாள் கேட்டால் பாதிப் பேருக்கு வராது. அதைப் பிள்ளைகளின் சோம்பல் என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சிறுவயதில் ஆற்றங்கரையில் கிட்டிப்புள் ஆடுவோம். புள்ளின் கூர்நுனியைக் கிட்டியால் தட்டினால் அது துள்ளி எழும்பும். கீழே விழுவதற்குள் அடிக்க வேண்டும். அடித்த பிறகுதான் எங்கள் ஊர்க் கணக்கு. புள் விழுந்த இடம் வரை எத்தனை கிட்டி என்று அடித்தவன் சொல்வான். '40' என்றால், எதிரணி நம்பினால் 40 அவனுக்கு. நம்பாவிட்டால் குனிந்து அளக்க வேண்டும். 38 வந்தால் ஆட்டம் போச்சு. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். பின்னாளில் என் ஏழாம் வகுப்பில், இந்த அறை எத்தனை மீட்டர் நீளம் இருக்கும் என்று கேட்டால், ஒரு பிள்ளை 3 என்கும், இன்னொன்று 50 என்கும். வாய்ப்பாடு இருவருக்கும் தலைகீழாகத் தெரியும்.

களத்துக்கு அனுப்புங்கள்.

விசில் (உடற்கல்வி ஆசிரியர், அரசுப் பள்ளி, மயிலாடுதுறை மாவட்டம்) – ஜூன் 23, காலை 6:12

குடமுருட்டி அய்யா, இதை எழுதினதுக்கு நன்றி. 16 வருஷ சர்வீஸ்ல ஒரு கணக்கு சார் வாயிலேருந்து இந்த வார்த்தையை நான் கேட்டதில்ல.

கோரையாறு அண்ணே, சம்பந்தம் இருக்கு. உடம்பை இயக்குறது சிறுமூளை, யோசிக்கிறது மூளையோட முன்பகுதி, ரெண்டும் வேற வேறன்னு ரொம்ப நாளா சொல்லிக்கிட்டிருந்தாங்க. 2000ல அடெல் டயமண்ட்ங்கிற ஆராய்ச்சியாளர், ரெண்டும் கை கோத்துத்தான் வேலை செய்யுதுன்னு அதுவரைக்கும் வந்த சான்றுகளைத் தொகுத்து எழுதினாங்க. வேலை புதுசா இருந்தா, கஷ்டமா இருந்தா, சட்டுன்னு பதில் சொல்லணும்னா ரெண்டு பகுதியும் சேர்ந்தே முடுக்கி விடப்படுதாம்.

அமெரிக்காவுல இல்லினாய் பல்கலைக்கழகத்துல சார்ல்ஸ் ஹில்மன் குழு 2009ல ஒரு சோதனை பண்ணாங்க. ஒன்பது பத்து வயசுப் பசங்க 20 பேர். ஒரு நாள் 20 நிமிஷம் நடக்க வெச்சு, இன்னொரு நாள் அதே நேரம் உட்கார வெச்சு, ரெண்டு நாளும் சோதிச்சாங்க. நடந்த அன்னிக்குக் கவனம் சிதறாம பதில் வந்துச்சு, வாசிச்சுப் புரிஞ்சுக்கறதும் கூடியிருந்துச்சு. 2014ல 7லேருந்து 9 வயசுக்குள்ள 221 பசங்களை எடுத்தாங்க. ஒரு பாதிக்கு ஒன்பது மாசம் பள்ளிக்கூடம் விட்டதும் தினம் விளையாட்டு. அந்தப் பசங்ககிட்ட, தப்பான விடை மேல பாயாம தன்னைப் பிடிச்சு நிறுத்தறதும், ஒரு விதியிலேருந்து இன்னொரு விதிக்கு மனசை மாத்திக்கறதும் மத்தவங்களைவிட நல்லா வளர்ந்திருந்துச்சு. யார் அதிக நாள் வந்தாங்களோ அவங்களுக்குப் பலனும் அதிகம்.

போர்டைப் பார்த்து எழுதறதை யோசிங்க. பார்த்த வரியை மனசுல பிடிச்சுக்கணும், குனியணும், எழுதணும், நிமிர்ந்து விட்ட இடத்தைக் கண்டுபிடிக்கணும், பக்கத்துப் பய கூப்பிட்டா திரும்பாம இருக்கணும். உங்க பையனுக்குத் தடுமாறுறது இதுதான். இதை வளர்க்குற பீரியடையே எடுத்துக்கிட்டு எழுதச் சொன்னா எப்படி? மைதானம் வேணும்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட அட்டவணையிலயே இருக்கு. மைதானம் இருந்தும் புள்ளையை அதுல இறக்கலைன்னா என்ன பிரயோஜனம்?

வெண்ணாறு (தஞ்சாவூர்) – காலை 10:05

எனக்கு முழுசா நம்பிக்கை வரல சார். என் மூத்தவன் கபடியில மாவட்டம் வரைக்கும் போனவன். கணக்குல 40 தாண்டினதே இல்ல. விளையாட விட்டா மார்க் வரும்னு யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்குது. வராதப்போ அந்தப் புள்ளை மேலதான் பழி விழுது.

விசில் – பகல் 1:20

நீங்க சொல்றது நியாயம் அக்கா. மார்க் வரும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010ல 50 ஆய்வுகளை எடுத்து, அதுல இருந்த 251 ஒப்பீடுகளை அலசினாங்க. பாதிக்குக் கொஞ்சம் மேல உடலியக்கத்தால நன்மை தெரிஞ்சுது. 48 சதவீதத்துல ஒரு வித்தியாசமும் இல்ல. கெடுதல் தெரிஞ்சது 1.5 சதவீதம்தான். விளையாட்டுக்கு ஒதுக்கின நேரம் படிப்பைக் கெடுக்கலைங்கிறது உறுதியா இருக்கு. மார்க்கைக் கூட்டுதாங்கிறது புள்ளைக்குப் புள்ளை மாறும். உங்க பையனுக்குக் கபடி கொடுத்த மூச்சும் எதிராளி கையைப் பார்த்து நகர்ற அறிவும் அவனோடதுதான், அது எந்த பேப்பர்லயும் வராது. கணக்குக்குத் தனியா யாராவது பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கணும். அதையும் செய்யணும்.

அரசலாறு (குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட், கும்பகோணம்) – மாலை 7:40

கோரையாறு அண்ணா, முதலில் பையனைக் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். போர்டைப் பார்த்து எழுதுவதைப் பாதியில் விடுகிறான் என்றால் அதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

அடுத்தது பென்சில். என்னிடம் வரும் பிள்ளைகளில் பலர் பென்சிலைக் கரண்டி போல முழுக்கையால் பிடிப்பார்கள். முனை ஒடியும், தாள் கிழியும், பத்து வரிக்குள் கை வலிக்கும். வீட்டில் உடனே எழுத்துப் பயிற்சி நோட்டு வாங்கிவிடுவார்கள். நான் பையனைத் தரையில் கையூன்றி, காலை நான் பிடித்துக்கொண்டு, கையாலேயே பத்தடி நடக்கச் சொல்லுவேன். நான்கு அடியில் தோள் மடங்கிச் சரிந்துவிடுவான். எழுத்து தோளில் தொடங்குகிறது. தோளும் முதுகும் நிலையாக நின்றால்தான் மணிக்கட்டும் விரலும் நுணுக்கமாக ஆடும்.

எல்.கே.ஜி.யில் நான்கு கோடு நோட்டைத் திணிப்பவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். பெரியவர்களின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் எட்டுச் சின்ன எலும்புகள் தெரியும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதில் மூன்றோ நான்கோதான் தெரியும், மற்றவை இன்னும் குருத்தெலும்பு. கடைசி எலும்பு உருவாக 9 முதல் 12 வயது ஆகும். அந்தக் கைக்கு மண்ணும் மாவும்தான் முதல் நோட்டு.

வீட்டில் செய்ய: ஆலமரம் இருந்தால் விழுதைப் பிடித்துத் தொங்கட்டும். அடிபம்பு இருந்தால் ஒரு குடம் அவன் பங்கு. கொத்தவரங்காய் ஒடிப்பது, பயறு உரிப்பது, சப்பாத்தி மாவு பிசைவது எல்லாம் விரலுக்கு. நொண்டிக்கு நேராக எட்டுக் கட்டம் வேண்டாம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்கட்டும், பிறகு சுவர் இல்லாமல், பிறகு நின்ற இடத்திலேயே மூன்று தாவல். மற்ற பிள்ளைகள் பார்க்காத நேரத்தில் இதைச் செய்யுங்கள். அவன் ஓரமாகப் போய் நின்றான் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். தோற்றுப்போவோம் என்று ஒதுங்குபவனுக்குப் பழக்கம் குறையும், பழக்கம் குறைந்தால் இன்னும் தோற்பான்.

மூன்று நான்கு மாதம் பழக்கியும் பொத்தான் போட, பந்து பிடிக்க, படி இறங்கத் தடுமாறினால் கட்டாயம் காட்டுங்கள். பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு இயக்க ஒருங்கிணைப்பில் வளர்ச்சிக் குறைபாடு இருக்கிறது. இது சோம்பலும் இல்லை, அறிவுக் குறைவும் இல்லை. 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசமாகப் பார்க்கிறார்கள். அங்கிருந்து, குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள்.

கோரையாறு – இரவு 9:15

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். பொத்தான் போடறான், சாப்பாட்டைச் சிந்தாம சாப்பிடுறான். பந்துதான் பிடிக்க மாட்டான். பந்து வந்தா கண்ணை மூடிக்கிறான். கண் டாக்டருக்கு வியாழக்கிழமை போறோம்.

ஊர் நர்ஸ் (வேதாரண்யம் பக்கம்) – ஜூன் 24, காலை 7:55

எல்லாரும் ஓடச் சொல்றீங்க, நல்லது. ஓடற உடம்புல ரத்தம் இருக்கான்னும் பாருங்க.

நம்ம பக்கம் புள்ளைங்க ஈர மண்ணுல வெறுங்காலோட திரியும். வெளிக்குப் போற பழக்கம் இன்னும் இருக்கிற இடத்துல அந்த மண்ணுல கொக்கிப்புழு இருக்கும். அது கால் தோல் வழியா உள்ள போயி, குடல்ல ஒட்டிக்கிட்டு ரத்தத்தைக் குடிக்கும். வெளுத்துப் போன புள்ளை ரெண்டு சுத்து ஓடி மூச்சு வாங்கி உட்கார்ந்துடும். வகுப்புலயும் அதே புள்ளைதான் தூங்கி விழும். அதுங்களைச் சோம்பேறின்னு திட்டுறதை நான் என் காதால கேட்டிருக்கேன். கண் கீழ் இமையைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்க, உள்ள வெளிறியிருந்தா ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிட்டு வாங்க. பிப்ரவரி, ஆகஸ்ட்ல பள்ளிக்கூடத்துல தர்ற பூச்சி மாத்திரையைத் துப்பாம சாப்பிடச் சொல்லுங்க. செருப்பு போட்டும் ஓடலாம்.

இன்னொண்ணு, வெறும் வயித்தோட ஓடச் சொல்லாதீங்க. 2023 ஆகஸ்ட் 25ல எங்க மாவட்டத்துத் திருக்குவளையிலதான் காலைச் சிற்றுண்டித் திட்டத்தை அரசுத் தொடக்கப் பள்ளி எல்லாத்துக்கும் விரிவுபடுத்தித் தொடங்கி வெச்சாங்க. சாப்பிட்டு வர்ற புள்ளை மைதானத்துல நிக்கிற நிலையே வேற.

தவில் வீடு (திருவாரூர் மாவட்டம்) – பகல் 12:30

நான் வாசிக்கிறவன், விஞ்ஞானம் தெரியாது. விசில் சார் சொன்ன 'விதி மாத்தறது' எங்க வீட்டுல தினமும் நடக்குது, அதான் எழுதறேன்.

மகளுக்கு ஏழு வயசு. கையில ஒரே சீரா தாளம் தட்டச் சொல்லிட்டு வாயால 'தகதிமி' சொல்லச் சொல்லுவேன். ஒரு தட்டுக்கு நாலு. நல்லா ஓடிக்கிட்டிருக்கும்போது திடீர்னு 'தகிட'ன்னு கை காட்டுவேன். அதே தட்டுக்குள்ள இப்ப மூணு. முதல் ஆறு மாசம், வாய் மாறினதும் கையும் வேகத்தை மாத்திடும். கை நிலையா நிக்கணும், வாய் மட்டும் மாறணும். ஒரு நாள் திண்ணையில உட்கார்ந்து பண்ணிக்கிட்டிருந்தா, நான் கை காட்டின நொடி உதட்டைக் கடிச்சு ஒரு தட்டு சும்மா விட்டுட்டு, அடுத்த தட்டுல சரியா மூணு வெச்சா. அந்த ஒரு தட்டு மௌனத்துல அவ தன்னைப் பிடிச்சு நிறுத்தினதை நான் கண்ணால பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிடுச்சு.

என் சந்தேகம், இதுவும் உடற்பயிற்சிக் கணக்குல வருமா?

விசில் – மாலை 6:50

அண்ணே, நீங்க எழுதினதை எங்க ஸ்டாப் ரூம்ல வாசிச்சுக் காட்டினேன்.

கையும் மூளையும் சேர்ந்து பழகுறதுக்கு இதைவிட நல்லது கிடையாது. ஆனா இதயமும் நுரையீரலும் எலும்பும் தனியா வேலை கேட்கும். 5லேருந்து 17 வயசு வரைக்கும் சராசரியா தினம் 60 நிமிஷம், மூச்சு வாங்குற அளவுக்கு இயக்கம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் 2020ல சொல்லியிருக்கு. அதுல வாரம் மூணு நாளாவது எலும்பும் தசையும் பலப்படற மாதிரி குதிக்கணும், ஏறணும், வேகமா ஓடணும். அதனால பாப்பாவுக்குத் தாளமும் வேணும், தெருவும் வேணும். நல்ல ஆட்டம்னா கோ-கோ. உட்கார்ந்திருக்கறப்பவே யார் எந்தப் பக்கம் ஓடறான்னு கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கணும், 'கோ' விழுந்ததும் எழுந்து பாயணும், எடுத்த திசையை மாத்தக் கூடாது. வெறுமனே நாலு ரவுண்டு ஓடுறதுல இந்த யோசனை கிடையாது.

முடிகொண்டான் (நன்னிலம் பக்கம்) – ஜூன் 25, காலை 11:10

பொம்பளைப் புள்ளைங்களைப் பத்தி யாரும் பேசலையே. என் மகளுக்குப் பத்து வயசு. "இனிமே என்ன தெருவுல குதிக்கிறது"ன்னு மாமியார் நிறுத்தச் சொல்லிட்டாங்க. அவ மாடியில தனியா கயிறு தாண்டிக்கிட்டிருக்கா. தம்பிக்காரன் கீழ கிரிக்கெட் ஆடறான். மேலேருந்து எட்டிப் பார்த்துக்கிட்டே தாண்டுறா.

ஊர் நர்ஸ் – பகல் 2:40

முடிகொண்டான் அம்மா, 146 நாட்டுக் கணக்கை 2016ல எடுத்தப்போ 11லேருந்து 17 வயசுப் பொண்ணுங்கள்ல 85 சதவீதம் பேருக்குப் போதுமான ஓட்டம் ஆட்டம் இல்ல. பசங்கள்ல 78. எலும்பு கெட்டியாகுறது இந்த வயசுலதான். பிற்காலத்துல இடுப்பு எலும்பு ஒடிஞ்சு படுக்கிற பாட்டிங்களைப் பார்க்கிறவ நான். உங்க மாமியார்கிட்ட மார்க்கைப் பத்திப் பேசாதீங்க, இதைச் சொல்லுங்க. வேணும்னா நீங்களும் அரை மணி நேரம் கீழ இறங்கி நில்லுங்க. அம்மா நிக்கிற இடத்துல எங்க ஊர்ல யாரும் கேள்வி கேக்கல.

ஓடம்போக்கி – இரவு 8:05

குறுக்கே ஒரு கேள்வி, மன்னிக்கணும். பத்து மாசக் குழந்தை. உட்கார வெச்சு உருட்டுற பிளாஸ்டிக் வாக்கர் வாங்கலாமா? இன்னும் தவழவே இல்ல.

அரசலாறு – இரவு 8:50

வேண்டாம். கனடாவில் 2004ல் அதைத் தடையே செய்துவிட்டார்கள். குழந்தை அதில் தொங்கிக்கொண்டு கால் நுனியால் உந்தும், எடையைச் சுமந்து சமநிலை பழகாது. படியில் உருண்டு விழும் ஆபத்து வேறு. கோயில் திருவிழாக் கடையில் விற்கும் மர நடைவண்டி அப்படியல்ல, குழந்தை தானே எழுந்து நின்று பின்னாலிருந்து தள்ளும். நிற்கப் பழகியதும் அதை வாங்குங்கள்.

தவழாதது பற்றி: உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் பார்த்ததில், நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்டன. தனியாக நடப்பது 8 மாதத்திலிருந்து 17 மாதம் கடந்தும் ஆகலாம். பிடிமானமில்லாமல் உட்காருகிறதா, இரண்டு கையையும் ஒரே மாதிரி நீட்டுகிறதா என்று பாருங்கள். இதில் ஏதாவது இல்லையென்றால் உடனே காட்டுங்கள்.

குடமுருட்டி – ஜூன் 26, காலை 5:40

கல்லணை திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடுகிற நாட்கள் இவை. ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நாங்கள் ஏழெட்டு வயதில் வாய்க்காலில் வாழைத்தண்டைக் கட்டிக்கொண்டு நீந்தக் கற்றோம். இன்று ஆற்றோரத்துப் பிள்ளைகளுக்கே நீச்சல் தெரியவில்லை. விடுமுறையில் மணல் எடுத்த பள்ளம் தெரியாமல் இறங்குகிறார்கள். என் மாணவன் ஒருவனை அப்படி இழந்தேன். ஆறு வயதுக்கு மேல் நீச்சலும் நீரில் பாதுகாப்பாக இருக்கும் முறையும் கற்றுத் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. ஓடும் ஆற்றில் வேண்டாம். ஆழம் தெரிந்த குளத்தில், நீந்தத் தெரிந்த பெரியவர் இடுப்பளவு நீரில் நின்றுகொண்டு கற்றுக்கொடுங்கள்.

கோரையாறு – ஆகஸ்ட் 17, இரவு 9:30

ரெண்டு மாசம் ஆச்சு. சொல்லணும்னு வந்தேன்.

கண்ணுல பவர் இருக்கு. வலது மைனஸ் 1, இடது மைனஸ் 0.75. கண்ணாடி போட்ட அன்னிக்கு மொட்டை மாடியில நின்னு தென்னை ஓலையை ஒவ்வொண்ணாத் தெரியுதுன்னு சொன்னான். அரசலாறு அக்கா, நீங்க சொல்லலைன்னா நான் அவனை எழுதலைன்னு அடிச்சிருப்பேன். கண் டாக்டரும் வெளியில வெளிச்சத்துல இருக்கச் சொன்னார். சீனாவுல குவாங்சோ நகரத்துப் பள்ளிக்கூடங்கள்ல ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்களைத் தினம் 40 நிமிஷம் கூடுதலா வெளியில விட்டதுல, மூணு வருஷத்துல அவங்கள்ல 30.4 சதவீதம் பேருக்குத்தான் கிட்டப்பார்வை வந்துச்சு, அப்படி விடாத பள்ளிக்கூடங்கள்ல 39.5 சதவீதம்னு சொல்லி, இவனுக்குப் பின்னால இருக்கிற தங்கச்சியையும் வெளியில விடுங்கன்னார்.

டியூஷனை ஆறரைக்கு மாத்திட்டோம். அஞ்சுலேருந்து ஆறேகால் வரைக்கும் களம். முதல் ரெண்டு வாரம் காலைல இருட்டோட எழுந்து, நானும் அவனும் மட்டும் கொல்லையில ஒத்தக் கால்ல நின்னோம். இப்ப ஆறு கட்டம் தாண்டுறான். ஏழாவதுல இன்னும் கால் வருது. பந்து பிடிக்கிறான். கண்ணை மூடறதில்ல. சம்சாரம் தொடுக்கிற பூவை எடுத்துக்கிட்டு வந்து களத்து ஓரமா உட்கார்ந்துக்கறா. அதைப் பார்த்து மூணு வீட்டுப் பொம்பளைப் புள்ளைங்களும் வருது. மிஸ்கிட்ட நேர்ல போய்ப் பேசினேன், அஞ்சு பேருக்கும் பி.டி. பீரியடைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. மார்க் அப்படியேதான் இருக்கு. எழுதறதைப் பாதியில விடறது மட்டும் குறைஞ்சிருக்குன்னாங்க.

இப்ப ஒரு சிக்கல். அடுத்த மாசம் குறுவை அறுப்பு. களம் முழுக்க நெல் கொட்டிடுவாங்க. பசங்களை எங்க விடறது?

விசில் – ஆகஸ்ட் 18, காலை 6:05

அண்ணே, களத்தை விட்டு எங்கயும் போக வேணாம். நாலரை அஞ்சு மணிக்குத்தானே பனி இறங்கறதுக்கு முன்னாடி காய்ஞ்ச நெல்லைக் கூட்டிக் குவிப்பாங்க. பலகையில கயித்தைக் கட்டி முன்னால ரெண்டு பேர் இழுக்கணும், பின்னால ஒருத்தர் அழுத்திப் பிடிக்கணும். களத்துக்காரர்கிட்ட சொல்லி இழுக்குற கயித்தைப் பசங்ககிட்ட கொடுங்க. சனி ஞாயிறு காலைல, நெல்லுக்குள்ள காலால கோடு இழுத்துக் கிளறி விடற வேலையையும் அவங்களே பார்க்கட்டும். சுணை அரிக்கும், முழுக்கால் பேண்ட் போட்டு அனுப்புங்க. குவிச்சு முடிச்சதும் பாதிக் களம் காலியாயிடும். நொண்டிக்கு அது போதும்.